மீதி ஒன்று: கனமூலத்தின் கதை

எங்க ஊர் திருத்தணி. மலை மேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று ஊரில் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழா நடக்கும், படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இன்றைய எபிசோட் கணக்கைப் பற்றியது. ஆனா அதைத் தொடங்க இந்தப் படிகள் ரொம்ப வசதி.

முதல் படியிலிருந்து எண்ணிக்கொண்டே ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்க. 2 × 2 × 2 = 8. 3 × 3 × 3 = 27. இப்படி ஒரு முழு எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் வருவது முழு கனம். 1, 8, 27, 64, 125, 216, 343. 365 படியில் இந்த மாதிரிப் படிகள் ஏழே ஏழுதான். முழு வர்க்கம் என்றால் பத்தொன்பது கிடைக்கும். கனம் ஏழுதான். ஆறாவது கனமான 216-ஐத் தாண்டினால், அடுத்த கனத்துக்கு 127 படி ஏறணும். 343-க்கு அப்புறம் வருவது 512. அதுக்கு மலை பத்தாது, உச்சிக்கு மேலே இன்னும் 147 படி கட்டணும்.

போகப்போக இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. ஆயிரம் வரை எண்ணினால் பத்து கனங்கள். பத்து லட்சம் வரை எண்ணினாலும் நூறுதான். அதனால் ஏதோ ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அது முழு கனமாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இதை மனசுல வெச்சுக்கோங்க.

சரி, இப்போ தேர்வு அறைக்குள்ள போவோம். பேங்க் எக்ஸாம், காலேஜ் பிளேஸ்மென்ட், எதுவாக இருந்தாலும் ஆப்டிட்யூட் பேப்பரில் இப்படி ஒரு கேள்வி வரும்: 17576-இன் கனமூலம் என்ன? அதாவது எந்த எண்ணின் கனம் 17576? கோச்சிங் போனவர்கள் மூன்று வினாடியில் 26 என்று சொல்லிவிடுவார்கள். எப்படி?

கடைசி இலக்கம் 6. கனத்தின் கடைசி இலக்கம் 6 என்றால், மூலத்தின் கடைசி இலக்கமும் 6. அடுத்து, வலப்பக்கம் மூன்று இலக்கங்களை அடித்துவிடுங்க. மீதம் 17. 17-க்குள் அடங்கும் பெரிய கனம் 8, அதாவது 2-இன் கனம். ஆக முதல் இலக்கம் 2. விடை 26. முடிந்தது.

இந்த ஷார்ட்கட் ஏன் வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 0 முதல் 9 வரை கனம் எடுத்து, கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்க: 0, 1, 8, 7, 4, 5, 6, 3, 2, 9. பத்து இலக்கமும் ஒரு தடவைதான் வந்திருக்கு, எதுவும் ரெண்டாவது தடவை வரலை. 2-ம் 8-ம் இடம் மாறுகின்றன, 3-ம் 7-ம் இடம் மாறுகின்றன, மற்றதெல்லாம் அப்படியே. அதனால் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகலாம். வர்க்கத்தில் இது நடக்காது. 4-இன் வர்க்கம் 16, 6-இன் வர்க்கம் 36, ரெண்டும் 6-இல்தான் முடிகின்றன. எது என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் வர்க்கமூலத்துக்கு இவ்வளவு எளிதான வழி இல்லை.

ஷார்ட்கட்டில் தப்பு எதுவும் இல்லை. ஆனா அதுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. இதே வழியில் 1729-ஐ எடுங்க. கடைசி இலக்கம் 9, ஆக மூலமும் 9-இல் முடியணும். மூன்று இலக்கத்தை அடித்தால் மீதம் 1, ஆக முதல் இலக்கம் 1. விடை 19. ஆனால் 19-இன் கனம் 6859! எங்கேயோ போயிட்டோம்.

1729 முழு கனம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ஷார்ட்கட் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு விடையை நீட்டிவிட்டது. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு: முழு கனத்தின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 1, 8, 9 இவற்றில் ஒன்றுதான் வரும். 1729-க்குக் கூட்டினால் 19, பிறகு 10, பிறகு 1. இந்தச் சோதனையிலும் அது பாஸ். பகாக் காரணிகளாகப் பிரித்தால்தான் குட்டு உடையும்: 7 × 13 × 19. எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது போல ஒவ்வொரு காரணியும் மூன்று மூன்றாக வரணும், இங்கே எல்லாம் ஒத்தையாக நிற்கின்றன. ஆனால் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது தனித் தலைவலி.

என் தொழில் பாஷையில் சொன்னால், அந்த ஷார்ட்கட் உள்ளே வருவதைச் சரிபார்க்காத ஒரு ஃபங்ஷன். "இது முழு கனம்தான்" என்று கேள்வித்தாள் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கு. அந்த வாக்கை நம்பித்தான் நாம் மூன்று வினாடியில் முடிக்கிறோம். வாக்குக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன பண்றது?

கம்ப்யூட்டர்கிட்ட கேட்கலாமே என்பீங்க. லேப்டாப் பக்கத்தில் இருந்தால் பைத்தானைத் திறந்து, 64-ஐ மூன்றில் ஒரு பங்கு அடுக்குக்கு உயர்த்திப் பாருங்க. 4 வரணும். வருவது 3.9999999999999996. மூன்றில் ஒன்று என்ற பின்னத்தைக் கம்ப்யூட்டரால் துல்லியமாகச் சேமிக்க முடியாது, அதனால் கடைசியில் ஒரு துளி சிதறுகிறது. அந்த விடையின் முழு எண் பகுதியை மட்டும் எடுத்தால் 3. அதை நம்பி ஒரு புரோகிராம் எழுதினால், 64 முழு கனம் இல்லை என்று அது சாதிக்கும். கனமூலத்துக்கென்றே தனி ஃபங்ஷன் பைத்தானில் 3.11-ஆம் பதிப்பில்தான் வந்தது.

ஆக நமக்கு வேண்டியது, எந்த எண்ணைக் கொடுத்தாலும் கனமூலத்தைச் சொல்லி, அது முழு கனமா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்கிற வழி. அதுவும் முழு எண்களை மட்டும் வைத்து. அது நம்மிடம் கி.பி. 499-லிருந்து இருக்கிறது.

ஆரியபடர் தன் வயசை ஒரு கணக்கு மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் முடிந்தபோது தனக்கு 23 வயது என்கிறார். அந்தக் கணக்குப்படி ஆண்டு 499. அவர் எழுதிய ஆரியபடீயத்தில் கணிதத்துக்கு ஒதுக்கிய பகுதி வெறும் 33 செய்யுள். அதில் ஒரே ஒரு செய்யுளில் கனமூலம் எடுக்கும் முறை மொத்தமும் அடங்கிவிடுகிறது. உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் கனமூல வழிமுறைகளில், இடமதிப்பை வைத்து இலக்கம் இலக்கமாக நகரும் மிகப் பழைய முறைகளில் இது ஒன்று.

அவர் என்ன செய்கிறார்? எண்ணின் இலக்கங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து பெயர் வைக்கிறார். ஒன்றாம் இடம் கன இடம். அதற்கு இடப்பக்கம் இருக்கும் ரெண்டும் அகன இடங்கள், அதாவது கனம் அல்லாதவை. அடுத்தது மறுபடியும் கன இடம். இப்படி மூன்று மூன்றாக. 1729-ஐயே எடுத்துக்குவோம். ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, பஸ்ஸில் இருந்தால் மனசுலயே போடலாம், அவ்வளவு சின்னக் கணக்குதான்.

இடப்பக்கக் கடைசியில் கன இடத்தில் இருப்பது 1. அதுக்குள் அடங்கும் பெரிய கனம் 1. கழித்தால் 0. மூலத்தின் முதல் இலக்கம் 1.

அடுத்த இலக்கம் 7-ஐ இறக்குங்க. இதுவரை கிடைத்த மூலத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் 3. 7-ஐ 3-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1. அந்த 2-தான் மூலத்தின் அடுத்த இலக்கம்.

அடுத்து 2-ஐ இறக்கினால் 12. இதிலிருந்து, பழைய மூலம் 1, புது இலக்கத்தின் வர்க்கம் 4, கூடவே ஒரு மூன்று, இவற்றின் பெருக்கலான 12-ஐக் கழிக்கணும். மீதி 0.

கடைசியாக 9-ஐ இறக்குங்க. புது இலக்கத்தின் கனமான 8-ஐக் கழிங்க. மீதி 1.

விடை: மூலம் 12, மீதி 1. அதாவது 1729 என்பது 12-இன் கனத்தைவிட ஒன்று அதிகம். ஷார்ட்கட் 19 என்று அடித்துச் சொன்ன இடத்தில், இந்த வழி "12 வரை சரி, ஒன்று மிச்சம்" என்கிறது. மீதி 0 வந்தால் முழு கனம். வராவிட்டால் இல்லை. யாரும் நமக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம், கணக்கே சாட்சி சொல்லிவிடும்.

இது ஏன் சரியாக வருகிறது? பக்கம் பத்து உள்ள ஒரு கனசதுரப் பெட்டியை நினைச்சுக்கோங்க. அதை எல்லாப் பக்கமும் ரெண்டு ரெண்டு கூட்டிப் பன்னிரண்டாக்கணும். மூன்று முகங்களில் மூன்று பலகை ஒட்டணும்: ஒவ்வொன்றும் 10 × 10 × 2, மொத்தம் 600. பலகைகள் சந்திக்கும் விளிம்புகளில் மூன்று கட்டை செருகணும்: ஒவ்வொன்றும் 10 × 2 × 2, மொத்தம் 120. மூலையில் ஒரு சின்னக் கனசதுரம்: 2 × 2 × 2, அது 8. பழைய 1000-உடன் எல்லாம் சேர்த்தால் 1728. ஆரியபடரின் மூன்று கழித்தலும் இவைதான். முதலில் பலகை, பிறகு கட்டை, பிறகு மூலை.

செய்யுள் ரொம்பச் சுருக்கம். ஈவு பெரிதாகிவிட்டால் அடுத்த படியில் கழிக்க முடியாமல் போகும், அப்போது ஒன்று குறைத்து மறுபடி போடணும். இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லணும், இல்லாவிட்டால் உரை வேண்டும். அப்படி உரை எழுதியவர்களில் ஒருவர் நம்ம பக்கத்துக்காரர். சூரியதேவ யஜ்வன், 1191-இல் பிறந்தவர், கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்ந்தவர். ராஜேந்திர சோழனின் தலைநகர் என்று நாம் டூர் போகிற ஊரில், ஆரியபடர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் அவருடைய கணக்குக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கிளை மேற்கே போனது. 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷனின் காலத்தில், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் கணிதசாரசங்கிரகம் எழுதினார். வானியலைச் சேர்க்காமல் கணக்குக்கென்றே எழுதிய நூல். கனத்தைப் பெருக்காமலே, கூட்டியே கண்டுபிடிக்க அவர் ஒரு வழி சொல்கிறார். 4-இன் கனம் வேணுமா? 4-இல் தொடங்குங்க, அதன் இரண்டு மடங்கான எட்டைக் கூட்டிக்கொண்டே போங்க, நான்கு எண் வந்ததும் நிறுத்துங்க: 4, 12, 20, 28. கூட்டினால் 64. அழகா இருக்கு, இல்லையா?

இந்த நூலைத் தெலுங்கில் கொண்டுவந்தவர் பாவுலூரி மல்லனா. 11-ஆம் நூற்றாண்டுக்காரர் என்பார்கள். தெலுங்கின் ஆரம்பகாலக் கணித நூல் அது. எங்க ஊர்க்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோட்டை இந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கம் போட்டாலும், பள்ளிக்கூடத்தில் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். தமிழில் கனமூலம், தெலுங்கிலும் கனமூலம். ரெண்டு மொழியும் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட அதே சொல். "கனம்" என்றால் திரட்சி, திண்மை. "மூலம்" என்றால் வேர்.

இப்போ கொஞ்சம் வேகமா 1912-க்கு வருவோம். இடம் சென்னை. அந்த வருஷம் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியா, மகாவீரரின் கணிதசாரசங்கிரகத்தை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சென்னை அரசு அச்சகத்தின் வழியாக வெளியிட்டார். அதே வருஷம் மார்ச் 1 அன்று, அதே ஊரில் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். வயசு 24. பெயர் ராமானுஜன்.

மறுவருஷம் ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். டாக்ஸி கதையும் தெரியும். லண்டனில் பட்னி என்ற இடத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்தார். வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்றார். ராமானுஜன் உடனே மறுத்தார்: இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் இதுதான் மிகச் சிறியது. 1-ம் 1728-ம். 729-ம் 1000-ம். அதாவது 1³ + 12³, அல்லது 9³ + 10³.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். மேதைக்கு மின்னல் மாதிரி பளிச்சென்று தோன்றியது, அவ்வளவுதான் என்று. ஆனால் அந்தச் சமன்பாடு, ஹார்டி அந்த டாக்ஸியில் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ராமானுஜனின் நோட்டில் இருந்தது. அவருக்கும் முன்னால், 1657-இலேயே ஃபிரெனிக்ல் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கவனித்திருக்கிறார். ராமானுஜன் அந்த எண்ணில் பார்த்தது வேறு. நாம் சற்று முன் ஆரியபடரின் முறையில் கண்ட அதே விஷயம்: மீதி ஒன்று.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் கேள்விப்பட்டிருப்பீங்க. இரண்டு முழு கனங்களைக் கூட்டி இன்னொரு முழு கனத்தைப் பெறவே முடியாது என்பது அதன் ஒரு பகுதி. கனங்களுக்கான நிரூபணத்தின் வழியை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கொடுத்தார். எல்லா அடுக்குகளுக்கும் சேர்த்து ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்தது 1990-களில். ஆக, எந்த இரண்டு கனங்களைக் கூட்டிக் கனமூலம் எடுத்தாலும் மீதி ஒருபோதும் 0 ஆகாது. அந்தக் கதவு மூடியாச்சு.

சரி, 0 கிடைக்காது. எவ்வளவு பக்கத்தில் போக முடியும்? 9-இன் கனத்தையும் 10-இன் கனத்தையும் கூட்டினால் 12-இன் கனத்தை ஒன்றே ஒன்று தாண்டுகிறது. 6-ம் 8-ம் எடுத்தால் 728, அது 9-இன் கனமான 729-க்கு ஒன்று குறைவு. இப்படி ஒன்றில் தவறவிடும் ஜோடிகளை, ஒன்றா ரெண்டா என்றில்லாமல் முடிவே இல்லாமல் உற்பத்தி செய்கிற சூத்திரத்தை ராமானுஜன் எழுதி வைத்திருந்தார். அவர் தந்த இன்னொரு உதாரணம்: 135-இன் கனமும் 138-இன் கனமும் சேர்ந்தால் 50,88,447. 172-இன் கனம் 50,88,448. ஐம்பது லட்சத்தில் ஒரே ஒரு எண் வித்தியாசம்!

1919-இல் இந்தியா திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32. கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், கை மாறி, ட்ரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2013-இல் கென் ஓனோவும் ஆண்ட்ரூ கிரான்வில்லும் அதே நூலகத்தில் ராமானுஜனின் தாள்களைப் புரட்டியபோது, ஒரு பக்கத்தில் 1729-இன் இரண்டு வடிவங்களும் கூடவே இந்த "ஒன்றில் தவறிய" ஜோடிகளும் கண்ணில் பட்டன. அந்தப் பக்கத்தின் உள்ளே இருக்கும் வழியை ஓனோ தன் மாணவியோடு சேர்ந்து ஆராய்ந்தார். கே3 பரப்பு என்று கணிதவியலாளர்கள் 1958-இல்தான் பெயர் வைத்த ஒரு வடிவத்தை ராமானுஜன் பல பத்தாண்டுகள் முன்பே தொட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

ஷார்ட்கட்டுக்கு முழு கனம் மட்டும்தான் வேணும். மற்ற எண் எதைக் கொடுத்தாலும் அது ஒரு பொய் விடையைத் தந்துவிடும். முழு கனங்களோ, நாம் எண்ணிப் பார்த்தது போல, பத்து லட்சத்துக்கு நூறு. மிச்சம் இருக்கிற 9,99,900 எண்களைப் பற்றி ஷார்ட்கட்டால் ஒரு வார்த்தை உண்மையாகச் சொல்ல முடியாது. ஆரியபடரின் முறை அத்தனை எண்ணுக்கும் மூலத்தையும் மீதியையும் கொடுக்கிறது. ராமானுஜன் அந்த மீதியிலேயே ஒரு முழு உலகத்தைப் பார்த்தார்.

எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க ஷார்ட்கட்டைத் தாராளமா பயன்படுத்துங்க, நேரம் முக்கியம். ஆனா நாளைக்கு வேலையில் உங்க கைக்கு வர்ற எண்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்க மாட்டாங்க. அதனால ஒரு தடவையாவது நீளமான வழியைக் கையால் போட்டுப் பாருங்க. இந்த வாரத்துக்கு எண்: 5088448. விடை என்ன என்று ஏற்கெனவே சொல்லிட்டேன். போற வழியைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். தொடக்கத்திலேயே 9 போட்டுப் பார்ப்பீங்க, கழிக்க முடியாது. 8 போடுவீங்க, அதுவும் முடியாது. 7-க்கு இறங்குங்க. அங்கிருந்து கடைசி வரை தடையே இல்லாமல் போய், மீதி சுத்தமாக 0-இல் வந்து நிற்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.